ஏகாம்பரம் சார் வாங்கிக்கொண்ட அடி

செய்தி வந்தபோது நான் மாவு மில்லில் வரிசையில் நின்றிருந்தேன். "மேடம், பிட்டர் சார் பூட்டாரு. திருப்பதியில, புள்ள ஊட்ல. காலைல அஞ்சு மணிக்கு" என்றான் பழைய மாணவன் ஒருவன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். போன மாதம்தான் அவரோடு போனில் சண்டை போட்டிருந்தேன். "நீங்க இருக்கும்போதே எல்லாருக்கும் சொல்லிடறேன் சார், என்னால முடியல" என்றேன். "நான் செத்தப்பால சொல்லிக்கோ, யாரு வேணான்னாங்க" என்று சிரித்தார். இப்போது எனக்கு வழி விட்டுவிட்டுப் போய்விட்டார். அரிசியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் அறை வாங்கியவர்கள். உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கத்தில் இருந்த எங்கள் தனியார் ஐ.டி.ஐ.யில் ஏகாம்பரம் சார் இருபத்தாறு வருஷம் பிட்டர் பிரிவு ஆசிரியர். படித்து முடித்தவர்களைக் கம்பெனிகளில் சேர்த்துவிடுவதும் அவர் வேலைதான். நான் கஸ்தூரி, அதே இடத்தில் ஆபீஸ் கிளார்க். அங்கே வேலை பார்த்த ஒரே பெண்.

ஊரில் அவரைப் பந்தலில் கிடத்தியிருந்தபோது, இன்று சூப்பர்வைசராக இருக்கும் ஒரு மாணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நம்ம ஒரிஜினல எல்லாம் கான்ட்ராக்டர்கிட்ட குடுத்து தப்பு பண்ணாரு. அப்பால அடி வாங்கி அவரே மீட்டுக்கினு வந்தாரு. பெரிய மனுசன்." சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் அங்கே ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தச் சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தது அவர் இல்லை. நான். இருபது வருஷத்துக்கும் மேலாக நீங்கள் அவர்மேல் வைத்திருக்கும் அந்தப் பழியை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவருடைய கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பட்டறையில் ஒரு பையன் லுங்கியோடு லேத் மிஷின் அருகில் போய் நின்றான். ஏகாம்பரம் சார் நேரே அவனிடம் போனார். விட்ட அறையில் பையன் இரும்புத்தூள் குவியலில் போய் விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம். நான் ஓடிப்போய், "நீங்கெல்லாம் ஒரு வாத்தியாரா?" என்று கத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எங்கிட்ட வாங்கினா உதடு கிழியும். மிஷின்கிட்ட வாங்கினா கை இருக்காது. எது வேணும், அவனையே கேளும்மா" என்றார். அன்றைக்கு அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. இன்றைக்கும் ஏற்கவில்லை. லுங்கியைக் கழற்றச் சொல்ல வாய் இருக்கிறதே. இதைச் சொல்லிச் சொல்லி அவரோடு எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். பிற்காலத்தில் அடிப்பதைக் குறைத்துக்கொண்டார். நிறுத்தவில்லை.

ஆனால் அந்த மனிதர் கம்பெனிகளைப் பார்த்த விதத்தை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. தொண்ணூறுகளில் கும்மிடிப்பூண்டி பக்கமும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கம்பெனிகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்த காலம். எங்கள் எல்லை ஊர்களில் பத்தாவது முடித்த பிள்ளைகள் கரும்பு வெட்டப் போவதை விட்டு, பஸ் ஏறி அந்தப் பக்கம் போக ஆரம்பித்திருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் காரில் வந்து, பிஸ்கட் கொடுத்து, ஆள் கேட்பார்கள். ஏகாம்பரம் சார் சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் கம்பெனிக்குப் போவார். உள்ளே போகமாட்டார். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, ஷிப்டு விடும்போது வெளியே வருகிறவர்களின் கைகளைப் பார்ப்பார். எத்தனை கையில் துணி சுற்றியிருக்கிறது, எத்தனை கையில் விரல் குறைகிறது என்று பார்த்துவிட்டு வருவார். "ஆபீஸ்ல உக்காந்தா ஏசிதான் தெரியும். கம்பெனிய பாக்கணும்னா கைங்கள பாரு" என்பார். ஒருமுறை ஒரு பிரஸ் கம்பெனி வாசலில் அவர் இப்படிப் பார்ப்பதைக் கண்டுபிடித்து, வாட்ச்மேன்கள் மூன்று பேர் சேர்ந்து லத்தியால் வெளுத்துவிட்டார்கள். முதுகெல்லாம் வரி வரியாக வீங்கி வந்தார். "அங்க அனுப்பாத. கைங்க சரியில்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

சுமதி எங்கள் பிட்டர் பிரிவில் சேர்ந்த முதல் பெண். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா குப்பம்மா கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நிலம் என்று ஒரு சாண் கிடையாது. சுமதியின் அண்ணனுக்குத் தங்கை பட்டறையில் ஆம்பளைகளோடு நின்று இரும்பு ராவுவது பிடிக்கவில்லை. தாய்மாமனுக்குக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று நின்றான். ஒருநாள் மத்தியானம் கரும்பு வெட்டுகிற கத்தியோடு பட்டறைக்குள் வந்து, தங்கையின் தலைமயிரைக் கையில் சுற்றி, தரதரவென்று வாசல்வரை இழுத்துப் போனான். தடுக்க வந்த இரண்டு பையன்கள்மேல் கத்தியை வீசினான். ஒருவனுக்குத் தோளில் வெட்டு விழுந்தது. ஏகாம்பரம் சார் பின்னாலேயே போய் மரச் சுத்தியால் அவன் முழங்கைக்குக் கீழே ஒன்று போட்டார். எலும்பு முறிந்த சத்தம் ஆபீசில் இருந்த எனக்கே கேட்டது. அதற்கப்புறம் என்ன செய்தார் என்கிறீர்கள்? அவனைச் சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுவிட்டு வந்தார். வழியெல்லாம் அவன் அழ, இவர் திட்ட, இரண்டு பேரும் புத்தூரில் ஒரே இலையில் பொங்கல் தின்றார்களாம். அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் குப்பம்மா வந்தாள். மகளைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் ஏகாம்பரம் சாரைப் பார்க்கவே இல்லை. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "நீ இங்கதான் இருப்பியாம்மா? தெனமும் இருப்பியா?" என்று கேட்டாள். இருப்பேன் என்றேன். "அப்ப அனுப்பறேன்" என்றாள். அந்த வருஷத்துக்குப் பிறகு இன்னும் ஆறேழு பெண்கள் சேர்ந்தார்கள். ஒவ்வொரு தாயும் முதலில் என் மேஜைக்குத்தான் வந்தாள்.

இனி என் தப்புக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் சேரும்போதே பிள்ளைகளின் பத்தாவது மார்க் லிஸ்ட், டி.சி. எல்லாவற்றையும் நாங்கள் வாங்கி வைத்துக்கொள்வோம். ஒரிஜினல்கள் என் பீரோவில் இருக்கும். சுமதியின் செட் படிப்பை முடித்ததும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற தாமோதரம் என்ற லேபர் கான்ட்ராக்டர் வந்தான். சுமதியையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரை ஒரு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டான். அந்தக் கேட்டில் பார்த்த கைகள் சரியாக இருந்ததால் ஏகாம்பரம் சாரும் ஒப்புக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் சார் சித்தூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை பார்த்து மறுபடியும் வந்தான். கம்பெனியில் ஒரிஜினல்களைச் சரிபார்க்க வேண்டுமாம், இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிடுவானாம். முடியாது, சார் வரட்டும் என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்தான். "இப்பதான் காணிப்பாக்கத்துல இருந்து வஸ்துன்னானம்மா. குளத்துல முழுகி வந்திருக்கேன். அந்த விநாயகன் மேல சத்தியம், ரெண்டே நாளு" என்று என் மேஜைமேல் கையடித்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வரப்புச் சண்டை, திருட்டு, சொத்து வழக்கு எதுவானாலும் கடைசியில் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால்தான் போய் நிற்கும். குளத்தில் முழுகி அங்கே சத்தியம் செய்தவனை அதற்குமேல் யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். அங்கே பொய் சொன்னவன் உருப்படமாட்டான் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பீரோவைத் திறந்தேன். நல்ல காரியமாயிற்றே என்று தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மஞ்சள் பையில் பதினெட்டுப் பேருடைய கட்டையும் வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். அந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் என் தலையை நானே சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு நாள் மூன்று மாதமாயிற்று. கம்பெனியில் பன்னிரண்டு மணி நேர வேலை. ஓவர்டைம் முடியாது என்றவனைத் தாமோதரத்தின் ஆட்கள் ஷெட்டில் வைத்துப் பெல்ட்டால் அடித்தார்கள். ஒரு பையனுக்குக் காது ஜவ்வு கிழிந்தது. ஓடிவிடலாம் என்றால் ஒரிஜினல் அவன் கையில். இந்த நேரத்தில்தான் சுமதிக்கு ஆவடி பக்கத்து அரசுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து அப்ரண்டிஸ் கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரிஜினல்களோடு வர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அண்ணன் ஏற்கெனவே தாய்மாமனுக்கு நாள் குறித்துவிட்டிருந்தான். அந்தத் திங்கட்கிழமை தவறினால் சுமதியின் கதை முடிந்தது.

சனிக்கிழமை காலை பெற்றோர்கள் கூட்டமாக வந்தார்கள். கையில் கழி, ஒருவர் கையில் கடப்பாரை. ஆபீஸ் கண்ணாடியை உடைத்தார்கள். ஒருவர் என் மேஜையைக் கவிழ்த்தார். "எவன்டா குடுத்தது எங்க புள்ளைங்க சர்டிபிகேட்ட?" நான் பீரோவின் திறந்த கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கதவை இன்னும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஏகாம்பரம் சார் பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான்தான் குடுத்தேன்" என்றார்.

குப்பம்மா முன்னால் வந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவர் கன்னத்தில் அடித்தாள். ஒன்றல்ல, நான்கைந்து. ஆணி பட்டுக் கன்னம் கிழிந்தது. ஒரு அறைக்கு இரண்டு அறை திருப்பிக் கொடுக்கிற அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒருவர், "அன்னிக்கு இவரு சித்தூர்ல இல்ல இருந்தாரு? காணிப்பாக்கத்தான் மேல சத்தியம் பண்ணச் சொல்லு" என்றார். யாரோ கற்பூரம் கொண்டுவந்தார்கள். ஏகாம்பரம் சார் அதை உள்ளங்கையில் ஏற்றி, "காணிப்பாக்கத்தப்பா, நான்தான் குடுத்தேன்" என்று சொல்லி, விரலை மூடி அணைத்தார். கை வெந்த நாற்றம் எனக்கு வந்தது. அப்போதாவது நான் வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பயந்துவிட்டேன், அவ்வளவுதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் அவர் சட்டையை மாற்றிக்கொண்டு தாமோதரத்தின் ஷெட்டுக்குக் கிளம்பினார். நானும் வருவேன் என்றேன். வேண்டாம் என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஷெட் மெட்ராஸ் ரோட்டோரம் இருந்தது. மத்தியான வெயில். தாமோதரம் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஏமி சார், மூணு வருசம் போகட்டும். ஒரிஜினல் இருந்தாத்தான் பசங்க ஓடாது" என்றான். "சத்தியம் பண்ணியேடா" என்றேன் நான். அவன் சிரித்தான். "குளத்துல முழுகலியேம்மா நானு."

ஏகாம்பரம் சார் அந்தச் சோற்றுத் தட்டாலேயே அவன் மூக்கில் அடித்தார். ரத்தமும் குழம்புமாகக் கொட்டியது. நான்கு பேர் ஓடிவந்தார்கள். ஒருவனை அவர் சுவரோடு மோதினார், இன்னொருவன் பின்னாலிருந்து ஜாக்கி ராடால் அவர் இடது காதோரம் அடித்தான். முட்டிபோட்டு விழுந்தவரை மாறி மாறி மிதித்தார்கள். "பொட்டிம்மா! கட்டிலடி பொட்டி!" என்று மிதிபட்டுக்கொண்டே கத்தினார். நான் கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்தேன். மஞ்சள் பை அப்படியே இருந்தது. ஒருவன் என் முடியைப் பிடித்தான். அவன் மணிக்கட்டைக் கடித்தேன், வாயில் ரத்தம் வரும்வரை விடவில்லை. பையோடு ரோட்டுக்கு நடுவில் போய் நின்று கையை விரித்தேன். சத்தியவேடு பஸ் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. கண்டக்டர் எங்கள் பழைய மாணவன். பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் இறங்கி ஷெட்டுக்குள் போனார்கள். அங்கே நடந்ததை எழுத வேண்டாம். தாமோதரம் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை.

திரும்பி வரும்போது பின் சீட்டில் அவரைச் சாய்த்து, என் முந்தானையால் காதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் நிற்கவில்லை. "ஊருக்குப் போனதும் நான் சொல்லிடறேன் சார். நான்தான் குடுத்தேன்னு" என்றேன்.

"வாய மூடிக்கினு வா" என்றார். பிறகு அவரே சொன்னார்: "நீதான்னு தெரிஞ்சா மேனேஜ்மென்ட் இன்னிக்கே ஒன்ன வெளிய அனுப்பும். ஆபீஸ்ல ஒரு பொம்பள கீறாளேன்னுதான் அந்தம்மாங்க பொண்ணுங்கள அனுப்புறாங்க. நீ போனா நாளிக்கு ஒரு பொண்ணு வராது. எனுக்கு இன்னா, நான் அடிக்கிறவன், அடி வாங்கினா சரியாப் போவும்."

"சாமிமேல பொய்ச் சத்தியம் பண்ணிட்டீங்களே."

"அவரும் நம்ம ஊருக்காரர்தானே. புரிஞ்சிக்குவாரு" என்றார். ஆனால் அவருக்கே அந்த நம்பிக்கை முழுதாக இருந்ததாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கோயிலுக்குள் போனதே இல்லை. வீட்டோடு காணிப்பாக்கம் போனாலும் மனைவியையும் மகனையும் உள்ளே அனுப்பிவிட்டு, வெளியில் செருப்புகளுக்குக் காவலாக நிற்பார். இடது காது அன்றோடு போய்விட்டது. பிள்ளைகளின் சர்டிபிகேட்டை விற்றவனுக்குப் பிள்ளையார் கொடுத்த தண்டனை என்று ஊரில் சிலர் பேசினார்கள். அது அவருடைய நல்ல காதில் விழுந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வருஷத்திலிருந்து எங்கள் ஐ.டி.ஐ.யில் யாருடைய ஒரிஜினலையும் வாங்கி வைப்பதில்லை. அது மட்டும் அவர் சண்டை போட்டு வாங்கியது.

சுமதி அந்தத் திங்கட்கிழமை எட்டரை மணிக்கே ஆவடியில் நின்றாள். அவள் மார்க் லிஸ்டின் ஓரத்தில் இருந்த கறையைப் பார்த்து அதிகாரி என்ன என்று கேட்டாராம். "எங்க சாரோட ரத்தம்" என்றாளாம். அவர் மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போட்டாராம். நான் ஓய்வு பெறும்வரை அதே மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ தாய்மார்கள் என்னை நம்பி மகள்களை விட்டுப்போனார்கள். ஒவ்வொரு பெண்ணும் சர்டிபிகேட்டோடு வெளியே போகும்போது எனக்கு நன்றி சொன்னாள். கூசிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அவர் சொன்ன சொற்களையும், கைகளைப் பார்க்கிற அவர் வழக்கத்தையும் உங்களில் பலர் வைத்திருப்பீர்கள். இன்றைக்கும் கம்பெனி வாசலில் ஷிப்டு விடும் நேரத்தில் போய் நின்றுவிட்டுத்தான் தன் பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற பழைய மாணவர்களை நான் அறிவேன். அவையெல்லாம் உங்களுக்கு. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், அந்தச் செருப்படி. அது எனக்கு விழ வேண்டியது. இத்தனை வருஷம் அவர் கன்னத்தில் இருந்துவிட்டது.

சுமதி, உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதை நீயே உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டு. நடுவில் நிறுத்தாதே. முடித்ததும் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. நான் இருப்பேன்.